கன்கஷன் மாதக்கணக்கில் நீடித்தால்: ஆக்சிஜன் அறையா, பிசியோவா, காத்திருப்பா?

போன வாரம் கனடாவின் பிராம்ப்டனிலிருந்து என் சித்தி மகள் கூப்பிட்டாள். அவள் மகனுக்கு 19 வயது. உள்ளரங்கக் கால்பந்து விளையாடும்போது எதிரணிப் பையனின் முழங்கை நெற்றிப்பொட்டில் இடித்து, கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை குலுங்கும் காயம்) வந்து பத்து வாரம் ஆகிறது. தலைவலி போகவில்லை. லேப்டாப்பை இருபது நிமிடம் பார்த்தால் குமட்டுகிறது. இந்தப் பருவத்தில் பாதி வகுப்புகளை விட்டுவிட்டான். யாரோ சொல்லி ஒரு தனியார் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். அழுத்த ஆக்சிஜன் அறையில் 40 முறை படுக்க வேண்டும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டு, வெள்ளிக்கிழமைக்குள் முடிவைச் சொல்லுங்கள் என்றார்களாம்.

"அக்கா, நீங்க போனீங்களே, பலன் இருந்துச்சா? கட்டிடலாமா?"

பலன் இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்து அவள் என்ன செய்வாள்? வேறொரு நிலையத்தின் வேறொரு கருவிக்குப் பணம் கட்டுவாள். நானும் அப்படித்தான் போனேன். அதனால் அன்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதை விரிவாக எழுதி வைத்தால் இன்னொருவருக்கும் உதவும் என்று தோன்றியது. நான் மருத்துவர் இல்லை. கணக்கு வேலை பார்ப்பவள். எட்டு மாதம் இந்தத் தொல்லையோடு இருந்து, பணம் செலவழித்து, பிறகு ஆய்வுகளைத் தேடிப் படித்தவள். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2023 பிப்ரவரியில் மிசிசாகாவில் கடை வாகன நிறுத்தத்தில் பனிக்கட்டியில் வழுக்கி, பின்மண்டை தரையில் மோத விழுந்தேன். மயக்கம் இல்லை. அவசரப் பிரிவில் சிடி ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை, இது கன்கஷன், பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும் என்று அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது சரிதான். பெரியவர்களில் பெரும்பாலானோர் ஒரு மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். நான்கு வாரத்துக்கு மேலும் தொடர்ந்தால்தான் அதை "நீடிக்கும் அறிகுறிகள்" என்று தனியாகப் பார்க்க வேண்டும் என்பது 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு நிபுணர்களின் அறிக்கையிலும் உள்ள வரையறை.

எனக்கு மூன்று மாதம் ஆகியும் போகவில்லை. குக்கர் விசில் அடித்தால் தலைக்குள் யாரோ ஆணி அறைவது போல இருக்கும். மளிகைக் கடையில் இரண்டு பக்கமும் அலமாரிகள் இருக்கும் நடைபாதையில் நடந்தால் தரை கப்பல் போல ஆடும். எக்செல் கோப்பைத் திறந்தால் வரிசைகள் நீந்தும். வெளியே பார்ப்பவர்களுக்கு நான் நன்றாகத்தான் இருந்தேன். ஸ்கேனும் சுத்தம். "டென்ஷனா இருக்கும், தூங்கினா சரியாயிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். கோயம்புத்தூரிலிருந்து அம்மா வல்லாரை லேகியம் அனுப்பினாள். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். இந்த நிலைமையில்தான் மனிதர்கள் பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். முட்டாள்தனத்தால் அப்படிச் செய்வதில்லை. நம் வலியை நம்புகிற முதல் ஆள் அந்த நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார், அதுதான் காரணம்.

அந்த 40 தடவை

அழுத்த ஆக்சிஜன் சிகிச்சைக்கு ஹைபர்பாரிக் என்று பெயர். மூடிய அறையில் காற்றழுத்தத்தைக் கூட்டி, உள்ளே இருப்பவரை ஆக்சிஜன் சுவாசிக்க வைப்பார்கள். அழுத்தம் கூடினால் ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே ஆக்சிஜன் அதிகமாகக் கரையும். கடலடியில் மூழ்குபவர்களுக்கு வரும் குமிழி நோய்க்கும், கார்பன் மோனாக்சைடு விஷத்துக்கும், ஆறாத சில புண்களுக்கும் இது உண்மையான, நிறுவப்பட்ட சிகிச்சை. டொராண்டோ ஜெனரல் மருத்துவமனையிலேயே இதற்கான பிரிவு இருக்கிறது. இந்த நோய்களுக்கு ஒண்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் பணம் கொடுக்கும். கன்கஷன் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் கன்கஷனுக்கு இதை அனுமதிக்கவில்லை.

நிலையத்தில் எனக்குச் சொன்ன விளக்கம் அழகாக இருந்தது. அடிபட்ட இடத்தில் சில நரம்பணுக்கள் சாகாமல் தூங்கிக்கொண்டிருக்கின்றன, ஆக்சிஜன் கொடுத்தால் எழுந்துவிடும் என்றார்கள். நான் படுத்தது ஜிப் வைத்த மென்மையான பை போன்ற அறை. அழுத்தம் 1.3 வளிமண்டலம், அதாவது கிணற்றில் பத்தடி ஆழத்துக்கு முங்கினால் காதில் உணரும் அளவு. ஒரு தடவைக்கு 180 டாலர், 40 தடவைக்கு 7,200 டாலர். ஊருக்குப் போக டிக்கெட்டுக்குச் சேர்த்து வைத்திருந்ததும் அதில் போனது.

முதல் மூன்று வாரம் நன்றாக இருந்தது. இதை மறைக்கக் கூடாது. தலைவலி குறைந்தது, தூக்கம் வந்தது. பத்தாவது தடவைக்குப் பிறகு மீண்டும் மளிகைக் கடையில் தலை சுற்றியபோது கேட்டேன். 40 முடிந்தால்தான் முழுப் பலன் தெரியும் என்றார்கள். 40 முடிந்தது. இன்னும் 20 எடுத்தால் நிலைக்கும் என்றார்கள். சிகிச்சை நின்ற மூன்றாவது வாரத்தில் எல்லாம் பழைய இடத்துக்கே வந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆய்வுகளைத் தேடினேன். பணம் கட்டும் முன் தேடியிருக்க வேண்டியது. திரையைப் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியாதவரால் அதைச் செய்ய முடியாது. அதனால்தான் குடும்பத்தில் இன்னொருவர் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் குண்டு வெடிப்பால் கன்கஷன் ஆன வீரர்கள் பலர் இருந்ததால், அமெரிக்க ராணுவம் இந்தச் சிகிச்சையை முறையாகச் சோதித்தது. 2015இல் வெளியான ஒரு சோதனையில் 72 பேர். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். இன்னொரு குழுவுக்கு 1.5 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன், 40 தடவை. மூன்றாவது குழுவுக்கும் அதே அறை, அதே 40 தடவை, ஆனால் 1.2 அழுத்தத்தில் வெறும் காற்று. முடிவு: அறைக்குள் போன இரண்டு குழுக்களும் முன்னேறின. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகவே முன்னேறின. ஆனால் ஆக்சிஜன் பெற்றவர்களுக்கும் வெறும் காற்று பெற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதற்கு முன் 2012இல் வெளியான, 50 வீரர்களை வைத்துச் செய்த சோதனையில் 2.4 வரை அழுத்தம் கொடுத்தும் இதே கதைதான். அங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் போலி சிகிச்சையாக வைத்த அழுத்தம் 1.3. நான் 7,200 டாலர் கொடுத்த பையின் அழுத்தமும் அதேதான்.

71 பேரை வைத்துச் செய்த இன்னொரு ராணுவச் சோதனையில் 13ஆவது வாரத்தில் ஆக்சிஜன் குழுவுக்குக் கொஞ்சம் நன்மை தெரிந்தது. ஆறு மாதம், ஒரு வருடம் ஆனபோது அது கரைந்துவிட்டது. படித்தபோது என் அனுபவத்தையே யாரோ எழுதி வைத்தது போல இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அறை நடத்துபவர்கள் காட்டுவது இஸ்ரேல் ஆய்வுகளை. 2013இல் வந்த 56 பேர் ஆய்வில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் அதில் போலி சிகிச்சைக் குழுவே கிடையாது. 2022இல் 25 சிறுவர்களை வைத்துச் செய்த சோதனையில் போலிக் குழு இருந்தது, பலனும் தெரிந்தது. அதில் 60 தடவை, 1.5 அழுத்தம். 25 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. வேறிடத்தில் பெரிய அளவில் செய்து அதே முடிவு வந்தால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். அதுவரை, சொந்தக் காசில் 40 தடவை போவதற்கு இது போதிய ஆதாரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் அறைக்குள் போனவர்கள் ஏன் முன்னேறினார்கள்? எனக்கு இது புரிகிறது. தினமும் ஒரு மணி நேரம் போன் இல்லை, விசில் இல்லை, பிள்ளைகள் சத்தம் இல்லை. படுத்திருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் தினமும் "இன்று எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். வீட்டில் எல்லாரும் நான் குணமாகப் போகிறேன் என்று நம்பினார்கள். இதெல்லாம் உடம்பில் வேலை செய்யும். அந்த முன்னேற்றம் பொய் இல்லை, ஆக்சிஜனுக்கு அதில் பங்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. அதனால்தான் "எனக்குச் சரியாயிடுச்சு" என்று ஒருவர் மனதாரச் சொல்லும்போது அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் சொல்வதை மட்டும் வைத்துப் பணமும் கட்டாதீர்கள்.

ஆபத்து குறைவு என்பார்கள். பெரும்பாலும் காது அடைப்பு, காது வலியோடு போய்விடும். ஆனால் அழுத்தப்பட்ட ஆக்சிஜன் தீயை வளர்க்கும். 2025 ஜனவரி கடைசியில் மிச்சிகன் மாநிலத்தின் ட்ராய் நகரில், தனியார் நிலையம் ஒன்றின் அறைக்குள் தீப்பிடித்து ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் அறை என்றால் யார் மேற்பார்வை, தீ நேர்ந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மற்ற மாற்று வழிகள்

சுழல் நாற்காலி பற்றிப் பலர் கேட்கிறார்கள். இதற்குப் பெயர் வாங்கித் தந்தது ஐஸ் ஹாக்கி வீரர் சிட்னி கிராஸ்பியின் கதை. 2011 ஜனவரியின் முதல் வாரத்தில் இரண்டு ஆட்டங்களில் தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் விளையாட முடியாமல் போனார். டெட் கேரிக் என்ற கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சையாளர்) போய், எல்லாத் திசையிலும் சுழலும் நாற்காலியில் சிகிச்சை எடுத்தார். நவம்பர் 21 அன்று களத்துக்குத் திரும்பி இரண்டு கோல் அடித்தார். இதுவரை எல்லாரும் சொல்வார்கள். மிச்சக் கதையை யாரும் சொல்வதில்லை. டிசம்பரில் அறிகுறிகள் திரும்பி வந்து மறுபடி வெளியே உட்கார்ந்தார். 2012 ஜனவரியில் வேறு மருத்துவர்கள் பார்த்தபோது கழுத்தின் மேற்பகுதியில் மென்திசுக் காயம் இருப்பது தெரிந்தது. அதற்குச் சிகிச்சை எடுத்து மார்ச்சில் திரும்பினார். நாற்காலி உதவியதா இல்லையா என்று ஒருவரின் கதையிலிருந்து சொல்ல முடியாது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது கழுத்து. கீழே வருகிறேன்.

நியூரோஃபீட்பேக் என்பது தலையில் மின்முனைகளை ஒட்டி, மூளை அலைகளைத் திரையில் காட்டிப் பழக்குவது. இதுவும் இருபது, முப்பது தடவை கொண்ட தொகுப்பாகத்தான் விற்கிறார்கள். இருக்கும் ஆய்வுகள் சிறியவை. கன்கஷனுக்கு இதை முதலில் செய்யுங்கள் என்று சொல்லும் அளவு உறுதி இல்லை. கிரேனியோசேக்ரல் என்று தலையை மெதுவாகப் பிடித்து விடுவது இதமாக இருக்கும். நானும் இரண்டு முறை போனேன். இதத்துக்குப் போகிறோம் என்று தெரிந்து போனால் சரி, மண்டை எலும்பை நகர்த்திக் குணமாக்குகிறார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

மஞ்சள் மாத்திரை, ஒமேகா 3 எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் கூடுதல் நம்பிக்கை இருக்கும். இவற்றின் பெயரில் கன்கஷன் குணமாகும் என்று விளம்பரம் செய்த நிறுவனங்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012லிருந்தே எச்சரித்து வந்தது. எந்தத் துணை உணவும் கன்கஷனைத் தடுக்கும், விரைவில் ஆற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2013 கடைசியில் பொதுமக்களுக்கும் சொன்னது. அவர்கள் கவலை காசைப் பற்றியது மட்டும் இல்லை. மாத்திரையை நம்பி ஒரு பையன் ஆறாத தலையோடு மறுபடி விளையாடப் போய்விடுவான் என்பதுதான். குழம்பில் மஞ்சள் போடுங்கள். அம்மா அனுப்பிய லேகியத்தையும் நான் சாப்பிட்டேன், அது அம்மாவுக்காக.

எனக்கு எது வேலை செய்தது

அக்டோபரில், அலுவலகத் தோழி ஒருத்தி சொல்லி, வெஸ்டிபுலர், அதாவது உள்காதின் சமநிலைக் கோளாறுகளுக்கான பயிற்சி பெற்ற பிசியோவிடம் (இயன்முறை மருத்துவர்) போனேன். முதல் சந்திப்பு ஒன்றேகால் மணி நேரம். எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒருவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலை அசைத்துக் கண் எப்படித் தொடர்கிறது என்று பார்த்தார். தலையை ஒரு பக்கம் திருப்பி வேகமாகப் படுக்க வைத்து, கண்மணி துடிக்கிறதா என்று கவனித்தார். அப்புறம் சொன்னார்: "உங்களுக்கு ஒரு பிரச்சினை இல்லை. மூன்று இருக்கிறது."

இந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை முழுவதையும் எழுதுகிறேன். கன்கஷன் அறிகுறி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது பல கோளாறுகள் சேர்ந்த மூட்டை. உள்காது, கழுத்து, கண்ணிணைவு (இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பது), ஒற்றைத் தலைவலி, தூக்கம், பதற்றம், உழைப்பைத் தாங்காத ரத்த ஓட்டம் என்று ஒவ்வொருவருக்கும் கலவை வேறு. மூட்டை முழுவதையும் ஒரே கருவி தீர்க்கும் என்று சொல்பவருக்கும், மூட்டையைப் பிரித்துப் பார்ப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் பணம் இழந்து கற்றுக்கொண்டது.

என் முதல் பிரச்சினை உள்காதில் இருந்தது. அங்கே சமநிலைக்கு உதவும் நுண்ணிய கால்சியம் துகள்கள் உண்டு. தலையில் அடிபட்டால் அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழலாம். படுக்கையில் புரண்டாலே உலகம் சுழலும். இதற்கு ஜான் எப்ளி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் 1992இல் வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது. தலையை நான்கைந்து நிலைகளில் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடுவது. கருவி வேண்டாம், சில நிமிடம் போதும். எனக்கு இரண்டு தடவையில் படுக்கைச் சுழற்சி நின்றது. ஆக்சிஜன் பைக்குள் 40 தடவை படுத்து எழுந்தேனே, ஒவ்வொரு முறையும் எழும்போது சுற்றியது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மனக்கசப்பு இன்னும் எனக்குத் தீரவில்லை.

இரண்டாவது, கண்ணையும் காதையும் இணைக்கும் அனிச்சைச் செயல். தலை அசையும்போது பார்வை நடுங்காமல் பிடிப்பது அதுதான். கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, நகத்தையே பார்த்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், முதல் நாள் 15 விநாடியில் வாந்தி வரும் போல இருந்தது. தினமும் மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஆறாவது வாரம் மளிகைக் கடையில் தனியாக நடந்தேன்.

மூன்றாவது கழுத்து. பின்மண்டை மோதும் வேகத்தில் கழுத்து சவுக்கு போலச் சொடுக்கப்படும். அதன் வலி தலைவலியாகத் தெரியும், தலைசுற்றலாகவும் தெரியும்.

இதற்கு ஆதாரம் என் கதை மட்டும் இல்லை. கால்கரியில் 2014இல் நடந்த சோதனையில் 12 முதல் 30 வயது வரையுள்ள, அறிகுறிகள் நீடித்த 31 பேரை எடுத்துக்கொண்டார்கள். கழுத்துக்கும் சமநிலைக்கும் சேர்த்துப் பயிற்சி பெற்றவர்களில் 73 சதவீதம் பேருக்கு எட்டு வாரத்துக்குள் மருத்துவர் களத்துக்குத் திரும்ப அனுமதி தந்தார். வழக்கமான ஓய்வும் நீட்சிப் பயிற்சியும் செய்தவர்களில் 7 சதவீதம்தான். இதுவும் சிறிய சோதனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வித்தியாசம் பெரிது, செலவு சிறிது. ஆம்ஸ்டர்டாம் அறிக்கையும் கழுத்து வலி, தலைசுற்றல், தலைவலி தொடர்பவர்களுக்கு இந்தப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

எனக்கு ஒன்பது சந்திப்புகள், தலா 130 டாலர், மொத்தம் 1,170. அலுவலகக் காப்பீடு 500 கொடுத்தது. கையிலிருந்து போனது 670 டாலர்.

காசே இல்லாத வழி

என் மிகப் பெரிய தவறு ஆக்சிஜன் பை இல்லை, அதற்கு முன் நான்கு மாதம் இருட்டறையில் படுத்திருந்தது. நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு மெல்ல நடமாட வேண்டும் என்பதுதான் இப்போதைய முறை. மில்வாக்கியில் நடந்து 2015இல் வெளியான சோதனையில், ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வு சொல்லப்பட்ட இளைஞர்கள், ஓரிரு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிட அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள்.

பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடி குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். ட்ரெட்மில்லில் நடக்க வைத்து, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த இதயத் துடிப்பில் அறிகுறி கூடுகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். அந்தத் துடிப்பில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாமல் தினமும் இருபது நிமிடம் உடற்பயிற்சி. 2019இல் 103 பதின்வயதினரிடம் சோதித்தபோது, இப்படிச் செய்தவர்கள் 13 நாளிலும் நீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாளிலும் தேறினார்கள். அவர்கள் அடிபட்ட பத்து நாளுக்குள் தொடங்கியவர்கள். ஆனால் மாதங்கள் கடந்தவர்களுக்கும் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு 128இல் தலைவலி கூடியது. அதனால் 105ஐத் தாண்டாமல், பனிக்காலம் முழுவதும் கடைகள் திறக்கும் முன் ஸ்கொயர் ஒன் மாலுக்குள் நடந்தேன். கூட்டம் இல்லாத மால் தலைசுற்றலுக்கும் நல்ல பயிற்சிக் களம்.

தலைவலிக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலி மாத்திரையைத் தினமும் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். சாதாரண வலி மாத்திரைகள் மாதத்தில் 15 நாளைத் தாண்டியோ, பல மருந்து கலந்த மாத்திரைகளும் டிரிப்டான் என்ற ஒற்றைத் தலைவலி மாத்திரைகளும் 10 நாளைத் தாண்டியோ மாதக்கணக்கில் போனால் இது நேரும். நான் ஐந்து மாதம் தினமும் ஐப்யூபுரூஃபன் போட்டவள். குடும்ப மருத்துவர் அதை நிறுத்த வைத்து, இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை கொடுத்தார். தலைவலியும் தூக்கமும் சேர்ந்து சீரானது. நரம்பியல் மருத்துவருக்காகக் காத்திருக்காமல் குடும்ப மருத்துவரிடமே இவ்வளவு கேட்கலாம் என்பது எனக்கு முன்பே தெரியவில்லை.

மனநல ஆலோசனை பற்றி நம்மவர்களிடம் பேசினால் "எனக்குப் பைத்தியமா" என்று முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தேன். உடம்பு சொல்பேச்சுக் கேட்காமல் மாதக்கணக்கில் இருந்தால் பயம் வரும். பயம் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் தலைவலி கூடும். அந்தச் சங்கிலியை எங்கேயாவது அறுக்க வேண்டும். ஆறு சந்திப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது.

சும்மா காத்திருப்பதும் ஒரு தேர்வுதான். பத்து வாரத்தில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது என்றால் நான் காத்திருப்பேன். அதே இடத்தில் நிற்கிறது என்றால் காத்திருக்க மாட்டேன், ஒரு பரிசோதனைக்காவது போவேன். தலைவலி கடுமையாகிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இருந்தால் எந்த ஒப்பீடும் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு. ஆறும் முன் விளையாடவும் கூடாது. ஒட்டாவாவில் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயது ரக்பி வீராங்கனை, ஒரே வாரத்துக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு 2013 மே மாதம் இறந்தார். விளையாட்டில் கன்கஷன் பாதுகாப்புக்காக 2018இல் ஒண்டாரியோ சட்டமன்றம் நிறைவேற்றிய ரோவன் சட்டம் அந்தப் பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது.

சரி, சித்தி மகளுக்கு என்ன சொன்னேன்? வெள்ளிக்கிழமைக் கெடுவை விட்டுவிடு என்றேன். உண்மையான மருத்துவம் தள்ளுபடித் தேதி வைக்காது. அந்த நிலையத்துக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேள் என்றேன். இவன் கழுத்தையும் உள்காதையும் கண்ணையும் பரிசோதித்தீர்களா? ஆறு தடவைக்குள் எதைப் பார்த்துப் பலன் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வீர்கள்? பலன் இல்லை என்றால் மிச்சப் பணம் திரும்ப வருமா? கேட்டிருக்கிறாள். இரண்டாவது கேள்விக்கு "ஒவ்வொருவருக்கும் வேறுபடும்" என்று பதில் வந்ததாம். எனக்கும் அதே பதிலைத்தான் சொன்னார்கள்.

அவளுக்கு ஒரு நல்ல செய்தியும் இருந்தது. ஒண்டாரியோவில் 19 வயது வரையிலும் 65 வயதிலிருந்தும் உள்ளவர்களுக்கு, மருத்துவர் பரிந்துரைக் கடிதம் இருந்தால், அரசு நிதி பெறும் பிசியோ நிலையங்களில் ஓஹிப் செலவை ஏற்கும். பையனுக்கு இருபது பிறக்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. எல்லா இடத்திலும் வெஸ்டிபுலர் தெரிந்தவர் இருக்க மாட்டார், கேட்டுவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். நான்கு இடத்துக்குப் போன் செய்து ஐந்தாவதில் கிடைத்தது. கண்ணிணைவுக்கு அங்கேயே பார்க்கிறார்கள். அது தேறவில்லை என்றால் கண் நிபுணரிடம் அனுப்புவார்கள்.

நேற்று அவனே கூப்பிட்டான். "பெரியம்மா, செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட். அந்தக் கட்டைவிரல் பயிற்சி எனக்கும் தருவாங்களா?" பரிசோதனையில் தெரியும், உனக்குக் கழுத்தாகவும் இருக்கலாம் என்றேன். எந்தெந்த நேரத்தில் குமட்டுகிறது, திரையிலா, நடக்கும்போதா, படுக்கும்போதா என்று இன்றிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து எடுத்துக்கொண்டு போ என்றேன். "போகும்போது நான் ஓட்டலாமா?" என்று கேட்டான். திரும்பி வரும்போது தலை சுற்றும், இரண்டு பக்கமும் அம்மாவே ஓட்டட்டும் என்று சொல்லி வைத்தேன்.